பீரோவின் காலி இடம்

ரயில்வே கேட்டை என் மூக்குக்கு நேராகப் போட்டான். இன்னும் ஒரு வண்டி விட்டிருந்தால் நான் தாண்டியிருப்பேன், ஹாரனை அமுக்கு அமுக்கென்று அமுக்கினேன், கேட்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டான், எனக்கு எப்போதும் இப்படித்தான், அவசரமாகப் போகும்போது கேட் விழும், சாவகாசமாகப் போனால் திறந்து கிடக்கும், ஆனால் இன்றைக்கு எனக்கு என்ன அவசரம், வீட்டுக்குத்தானே போகிறேன், பின்சீட்டில் இதைப் படுக்க வைத்துக்கொண்டு. ரெக்சின் உறைக்குள் நீளமாக, தூங்குகிற பிள்ளையைப் போலக் கிடக்கிறது, பிரேக் போட்டபோது கொஞ்சம் முன்னால் நகர்ந்து சீட்டு விளிம்பில் நிற்கிறது, கையை நீட்டித் தள்ளி வைக்கலாம், தள்ளவில்லை. காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவன் எல்லாம் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், ஓட்டு எண்ணி முடித்து ஆர்ப்பாட்டமெல்லாம் அடங்கிய பிறகு போய் வாங்கிக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு தேர்தலுக்கும் இதே கூத்து, ஒவ்வொரு தடவையும் நான் அங்கே நின்று, ஏனுங்க சார், நான் என்ன எலெக்சன்ல நிக்கிறனா, எந்தப் பூத்துல சுடப்போறேன் என்று எகிறுவேன். இந்தத் தடவை எகிறவில்லை. எஸ்.ஐ. சின்னப் பையன், என் மகன் வயசுதான் இருப்பான், குழலை மடக்கிக் காலியாக இருக்கிறதென்று காட்டி, தோட்டாவைத் தனிப் பையில் கட்டிக் கொடுத்து, ஐயா, தோட்டா ஒரு எடம், துப்பாக்கி ஒரு எடம், மறந்துறாதீங்க என்றான். தெரியுங்க என்றேன். வேறு நாளாக இருந்தால், நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் லாரிக்கு அடியில படுத்துத் தூங்குனவன், எனக்குப் பாடம் எடுக்கறியா என்று கேட்டிருப்பேன். தெரியுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன், சொன்ன குரல் என் குரல் மாதிரியே இல்லை, என் வீட்டுக்காரி மயிலாத்தாள் கேட்டிருந்தால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாள். அவளும் காலையில் ஒன்று கேட்டாளே. ஏனுங்க, அத எடுத்துட்டு வந்து எங்க வெப்பீங்க, பீரோவுல அந்த எடத்துல எம் பொடவைய அடுக்கிப் போட்டேன் என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வெள்ளரிப் பிஞ்சு விற்கிற பொம்பளை கண்ணாடியைத் தட்டுகிறாள், வேண்டாம் என்று தலையாட்டினேன், அவள் பார்வை பின்சீட்டுக்குப் போகிறது, உறையைப் பார்த்து என்னவென்று நினைப்பாள், கோயில் நாயனம் என்று நினைப்பாளா. வாங்கின புதிதில் நானே ஊர் பூராவும் தெரியட்டும் என்றுதான் நினைத்தேன். கரட்டுப்பாளையத்துக்கு மேற்கே எங்கள் தோட்டத்து வீடு, சுற்றிலும் தென்னை, ஓடிக் கூப்பிட்டால் கேட்க ஒரே ஒரு வீடு, அந்த வீட்டுக்காரனோடு பேச்சுவார்த்தை கிடையாது. மகன் பெங்களூரில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் வயசான புருசன் பெண்டாட்டி இரண்டு பேரையும் அடித்துப் போட்டுவிட்டு நகையை எடுத்துப் போனார்கள் என்று கேள்விப்பட்ட வாரம் நான் மனுவைக் கொடுத்தேன். அலைய விட்டார்கள், அலைந்தேன், பழைய லாரியை உடைத்து விற்கிற தொழிலில் அலைச்சலுக்குப் பயந்தால் ஆகுமா, கிளீனராகச் சேர்ந்து டயருக்கு முட்டுக்கட்டை வைத்துப் பழகின கை இது, எதையும் விடாது. டவுனில் துப்பாக்கிக் கடைக்காரர் ரெட்டைக்குழலை என் கையில் கொடுத்து எல்லாம் சொல்லித்தான் அனுப்பினார், சுடாதபோது காலியாக வை, தோட்டாவை வேறு பூட்டில் வை, சாவியை உடம்போடு வை, சுட்டே ஆகவேண்டும் என்று தெரிகிற வரைக்கும் துப்பாக்கிக் குதிரையில் விரலை வைக்காதே. முதல் வருசம் அப்படியே செய்தேன். துப்பாக்கி படுக்கையறை பீரோவில், தோட்டா சாமி ரூமில், சாவி அரைஞாண் கயிற்றில். அப்புறம் நான் யார், பேரம் பேசாமல் ஒரு ஆணி வாங்கினவனா, அந்த விதிகளோடும் பேரத்தை ஆரம்பித்தேன். திருடன் வந்தால் சாமி ரூமுக்கு ஓடிப்போய் எடுத்துவர நேரம் இருக்குமா, கொஞ்சம் குறைத்துக்கொள் என்று தோட்டாவைப் பீரோவுக்குக் கொண்டுவந்தேன். சாவி குளிக்கும்போது உறுத்துகிறது என்று ஆணியில் மாட்டினேன். ஆணியிலிருந்து எடுத்துத் திறப்பதற்குள் கழுத்தில் கத்தி விழுந்துவிட்டால் என்று சாவியைப் பூட்டிலேயே விட்டேன். கடைசியில் குழலிலேயே இரண்டு தோட்டாவையும் போட்டு வைத்தேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான் குறைத்தேன், எதிரே உட்கார்ந்து விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தவனும் நான்தான், அந்த வியாபாரம் எனக்கு ரொம்ப லாபமாகத் தெரிந்தது. மயிலாத்தாள் அந்தப் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு பக்கமாக நின்றுதான் திறப்பாள், அடுப்பில் எண்ணெய் தெறிக்கும்போது நிற்பாளே அப்படி. ஏண்டி இப்படி நிக்கறே என்றால், உங்க கோவத்துக்குக் கை மட்டும் இருந்தாலே போதும், அதுக்கு இது வேறயா என்பாள். நான் சிரித்தேன். வெயில் கண்ணாடியில் இறங்குகிறது, ரயில் இன்னும் கண்ணில் படவில்லை.

அன்றைக்கும் இதே வெயில். தேர்தல் பிரச்சாரம் உச்சத்தில் இருந்த சமயம், மயிலாத்தாள் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தாள், மத்தியானச் சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்தேன், கரண்ட் இல்லை, தூக்கமும் இல்லை விழிப்பும் இல்லை, அப்போது தெற்குச் சுவரில் ஒரு சத்தம். கண்ணாடிச் சில்லு நொறுங்குகிற சத்தம். அந்தச் சுவரில் சில்லு பதித்தது நான்தான், எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம். டைகர் குரைக்கவில்லை. நாய் குரைக்காததுதான் என்னைக் கலங்கடித்தது, விசம் வைத்துவிட்டார்கள், பிஸ்கட்டில் வைப்பார்களாமே, டைகர் போய்விட்டது, அடுத்தது நான், என்று நினைப்பு இறங்குவதற்குள் எழுந்துவிட்டேன். ஜன்னலில் பார்த்தேன். தென்னை மரத்துக்குப் பக்கத்தில் சுவரேறி ஒரு ஆள், தலையில் துண்டை முக்காடாகப் போட்டு, முகம் அந்தப் பக்கம், கையில் அரிவாள், வெயிலில் மின்னுகிறது. அவ்வளவுதான் பார்த்தேன். அவன் குட்டையா நெட்டையா, கிழவனா குமரனா, ஒன்றும் பார்க்கவில்லை, அரிவாளைத்தான் பார்த்தேன், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்து வீட்டைத்தான் பார்த்தேன். பீரோவைத் திறந்து கையை உள்ளே விட்டேன். கை எப்போதும் போகிற இடத்துக்குப் போய், எப்போதும் பிடிக்கிற மாதிரி பிடித்தது. ஒன்றும் இல்லை. துப்பாக்கிக்குப் போட்ட எண்ணெய் வாசம் மட்டும் வந்தது, கீழே பழைய துணி மெத்தென்று பட்டது, விரல் விரலையே பிடித்துக்கொண்டு நின்றது. துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கிறது என்று என் மண்டைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை, திரும்பத் திரும்பத் துழாவுகிறது, திருடிவிட்டான், முதலில் அதைத்தான் எடுத்திருக்கிறான், எடுத்தவன் எதற்கு அரிவாளோடு நிற்கிறான் என்று அந்த நேரத்திலும் ஒரு கணக்கு ஓடுகிறது. பிறகு ஸ்டேஷன், ரசீது, எஸ்.ஐ. எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. சேருவதற்கு எவ்வளவு நேரம் ஆனதோ, ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரம் இருக்கும். வேறு வழி இல்லாமல் மறுபடி ஜன்னலைப் பார்த்தேன். இப்போதுதான் ஆளைப் பார்த்தேன். முக்காடு நழுவிவிட்டது. சென்னியப்பன். வண்டித் தடத்துத் தகராறில் பதினோரு வருசமாக என் முகத்தில் முழிக்காத தெற்கு வீட்டுச் சென்னியப்பன், என் சுவர் அவர் தடத்தில் ஒரு சாண் ஏறிவிட்டது என்று கோர்ட்டு வரைக்கும் போன சென்னியப்பன், தென்னையில் படர்ந்திருந்த மணி பிளாண்ட் கொடியில் நல்ல நீளமாக ஒரு துண்டை அறுத்து மாலை மாதிரிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சுவர் மேல் உட்கார்ந்திருக்கிறார். வேட்டி சில்லில் மாட்டிக்கொண்டு இந்தப் பக்கமும் வர முடியவில்லை, அந்தப் பக்கமும் போக முடியவில்லை. கீழே டைகர் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் அதற்குச் சுவருக்கு மேலே எலும்பு போட்டிருக்கிறார், எனக்குப் பிறகுதான் தெரிந்தது, பதினோரு வருசமும் போட்டிருக்கிறார்.

நான் வெளியே போனேன். கையில் ஒன்றும் இல்லை, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டேன். வாங்கி வைக்கிற மணி பிளாண்ட் வெறும் செடி, கேட்டு வாங்கினாலும் துளிர்க்காது, திருடிக் கொண்டுவந்து வைத்தால்தான் வீட்டில் காசு தங்கும் என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அதுவும் நல்லாப் பொழைக்கிற வீட்டுக் கொடியாக இருக்க வேண்டும். அப்படி ஒரு கொடி வேண்டுமென்று அவர் மருமகள் சொல்லியிருப்பாள். இத்தனை ஊரில் என் வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், பகையாளி வாயால் சொல்லாத புகழை வேட்டியைக் கிழித்துக்கொண்டு சொல்ல வந்திருக்கிறார், எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. "ஏனுங் மாமா, வேட்டி மாட்டிக்கிச்சா?" என்றேன். மாமா என்று வாயில் வந்துவிட்டது, பதினோரு வருசத்துக்கு முந்திய பழக்கம். அவர் என்னைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், அரிவாளை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டு, "ஆமா மாப்ள, கொஞ்சம் எடுத்து வுடு" என்றார். எடுத்துவிட்டேன். கெண்டைக்காலில் ரத்தம் கோடாக இறங்கியிருந்தது, சில்லுக் கீறல்தான், என் சில்லு. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் அவர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது, கேட் அறையிலிருந்து மணி அடிக்கிறபோதுகூட அதுதான் கேட்கிறது. "நீ அந்தப் பக்கம் திரும்பிக்க மாப்ள. நீ பாத்துப்போட்டா இது திருட்டுல சேராது. நீ பாக்கல, நான் வரல." திரும்பிக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் தொப்பென்று குதிக்கிற சத்தம் கேட்டது, முனகல் கேட்டது, செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. நான் வீட்டுக்குள் வந்து, திறந்து கிடந்த பீரோவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன், மயிலாத்தாள் வந்து விளக்கைப் போடுகிறவரை அப்படியே இருந்தேன்.

அவளிடம் சொல்லவில்லை. பார்க்கவில்லை என்று ஒத்துக்கொண்டேனே, எப்படிச் சொல்வது, சொன்னால் கொடி பட்டுப்போகும். வெறும் மிரட்டத்தான் எடுத்திருப்பேன் என்று நானே எனக்குச் சொல்லிப் பார்க்கிறேன், இந்த வெயிலில் உட்கார்ந்தும் சொல்லிப் பார்க்கிறேன், ஒட்டவில்லை. குழலில் இரண்டு தோட்டா இருந்திருக்கும். ஜன்னலுக்கும் சுவருக்கும் எவ்வளவு தூரம், கண்ணை மூடிக்கொண்டே சுட்டிருக்கலாம். பிறகு போலீஸ் வரும், அந்த எஸ்.ஐ. பையனே வருவான், கோர்ட்டில் தடத்து வழக்குக் கட்டை எடுத்து வைப்பார்கள், பகையாளியைச் சுவரில் வைத்துச் சுட்டான் என்பார்கள், ஐயா, திருடன் என்று நினைத்தேன் என்றால், உங்க பக்கத்து வீட்டுக்காரர் எதுக்குத் திருட வந்தார், என்ன திருடினார் என்பார்கள், மணி பிளாண்ட் என்று நான் சொல்ல வேண்டும். ஜெயில்கூடப் பெரிதில்லை. கொடியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர் சுவரில் தொங்குகிற காட்சியோடு நான் சோறு தின்ன வேண்டும், தூங்க வேண்டும். இல்லை, அது இல்லை, அது நடக்கவில்லை, நடக்கவே இல்லை, மூச்சை விடு அர்த்தநாரி. லாரிக்கு விலை பேசும்போது கோபம் ஏறினால் நான் என்ன செய்வேன், எழுந்து வெளியே போய் ஒரு டீ குடிப்பேன், குடித்துவிட்டு வந்தால் எதிராளியின் முகம் வேறு மாதிரி இருக்கும், என் முகமும் வேறு மாதிரி இருக்கும், சின்ன வயசில் ஜாக்கி லீவரை எடுத்து ஒரு டிரைவர் மேல் ஓங்கப்போய் முதலாளியிடம் செருப்படி வாங்கிக் கற்ற பாடம் அது. இத்தனை வருசம் என் கோபத்தையும் வைத்துக்கொண்டு பிழைத்திருக்கிறேன் என்றால் அந்த டீயால்தான். துப்பாக்கி டீ குடிக்க விடாது. அன்றைக்குப் பீரோவில் இருந்த காலி இடம்தான் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தது. நிஜமாகவே திருடன் வந்திருந்தால் என்று உடனே இன்னொரு குரல் கேட்கிறது, அதுவும் என் குரல்தான், விடாது. வந்தால் ஒருத்தனாகவா வருவான், நாலு பேராக வருவான், இந்த வயசில் நான் தூக்கக் கலக்கத்தில் எழுந்து குறி பார்ப்பதற்குள் அவனே பிடுங்கிக்கொள்வான், இல்லாவிட்டால் இருட்டில் மயிலாத்தாள் தண்ணீர் குடிக்க எழுந்திருப்பாள். கிரில் கேட்டு இருக்கிறது, நாலு மூலைக்கும் லைட் போடலாம், நகையை லாக்கருக்குக் கொண்டுபோகலாம். ஒரு குரல் கொடுத்தால் தெற்கு வீட்டுக்குக் கேட்கும். பதினோரு வருசமாக அந்த வீட்டுக்குக் கேட்கிற தூரத்தில்தான் இருந்திருக்கிறேன், அதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

கூட்ஸ் வந்துவிட்டது, டேங்கர் டேங்கராக, முடியவே முடியாத மாதிரி, ஸ்டியரிங் அதிர்கிறது, பின்சீட்டில் அது மெல்ல நடுங்குகிறது, நான் இப்போது கையை நீட்டி உள்ளே தள்ளி வைக்கிறேன். எனக்கு வலது பக்கம் ஒரு மொபெட் வந்து ஒட்டி நிற்கிறது. பார்க்காமலே தெரிகிறது, அந்த இருமல் எனக்குத் தெரியாதா. சென்னியப்பன், முன்னால் ஒரு தவிட்டு மூட்டை. அன்றைக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை, பேசினால் அன்றைக்குப் பார்த்தது உறுதியாகிவிடும். இரண்டு பேரும் ரயிலைப் பார்க்கிறோம். அவர் கண் ஒரு தடவை பின்சீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறது, உறையை அவருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும், தெரியட்டும் என்றுதானே இருந்தேன். முகம் மாறவில்லை, மூட்டையைப் பிடித்திருக்கிற கை மட்டும் கொஞ்சம் இறுகுகிறது. இந்த மனுசன் இத்தனை வருசம் அதற்குப் பக்கத்தில் குடியிருந்திருக்கிறார், எனக்குப் பாதுகாப்பு என்று நான் வாங்கினதைத் தினமும் பார்த்துக்கொண்டு. கடைசிப் பெட்டி போகிறது, சத்தம் தேய்கிறது, அவர் ரயில் போன பக்கத்தையே பார்த்து, யாருக்கோ சொல்வதுபோலச் சொல்கிறார். "மூணு எல வுட்டுருக்குது." நான் ஒன்றும் கேட்காதவன் மாதிரி இருக்கிறேன், கொடி உயிரோடு இருக்கிறது, மூன்று இலை, கெண்டைக்கால் காயமும் ஆறியிருக்கும். கேட் தூக்குகிறான். முன்னால் இருக்கிற பஸ் உறுமுகிறது, பின்னால் நிற்கிறவன் ஹாரனை அடிக்கிறான், அடிக்கட்டும், சற்று முன்னால் நான் அடித்ததைவிடக் குறைச்சல்தான். டவுனுக்குப் போகிற ரோடு எனக்குப் பின்னால் இருக்கிறது, துப்பாக்கிக் கடைக்காரர் மத்தியானம் வரைக்கும் இருப்பார், கடையில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம், விற்றால் விற்கட்டும், லைசென்சையும் எழுதிக் கொடுத்துவிடலாம், ஏன் என்று கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம், உண்மையைத் தவிர எதை வேண்டுமானாலும். கண்ணாடியை முழுசாக இறக்குகிறேன். "மாமா," என்கிறேன், "எங்கூட்டுல ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. நான் டவுனுக்குத் திரும்பிப் போறேன், இத வுட்டுப்போட்டு வர நேரமாகும்னு." அவர் இப்போதுதான் நேராக என் முகத்தைப் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறார், பின்னால் ஒருத்தன் எங்கள் இரண்டு பேர் வம்சத்தையும் இழுத்துத் திட்டுகிறான், இரண்டு பேருக்கும் அது கேட்கவில்லை. "சொல்லீர்றேன்," என்கிறார். மொபெட்டைக் கிளப்பி, ஒரு காலை ஊன்றி, மூட்டையைச் சரிசெய்துகொண்டே கேட்கிறார். "எப்படி வந்து சொல்லட்டும் மாப்ள, கேட்டு வழியாவா, செவுரு மேலயா?" சிரிப்பு என் வயிற்றிலிருந்து வருகிறது, அன்றைக்குச் சிரிக்காமல் விட்டது எல்லாமும் சேர்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. "கேட்டு வழியாவே வாங்க, தொறந்துதான் கெடக்குது" என்று சொல்லி, ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கிறேன். பஸ்காரன் திட்டுகிறான், வெள்ளரிக்காய்ப் பொம்பளை கூடையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்குகிறாள், வண்டி திரும்பி டவுனைப் பார்க்கிறது, பின்சீட்டில் அது ஒரு தடவை உருண்டு அடங்குகிறது. பீரோவில் புடவைகள் அப்படியே இருக்கட்டும்.